அரைப்பேரும் முழு வயிறும்

கல்யாணம் கட்டிவைக்கத் தரகர் உண்டு, ஐயர் உண்டு, பாஸ்டர் உண்டு, வீடியோ எடுக்கிறவர் உண்டு. பிரிந்த பிறகு பிள்ளையை யார் எப்போது கூட்டிக்கொண்டு போவது என்று பேசுவதற்கு மட்டும் பதுளைப் பக்கத்தில் என்னைப் போல ஓரிருவர்தான் இருக்கிறோம். உளவளத்துணை உத்தியோகத்தர் என்று கதவில் பலகை தொங்குகிறது. அதை முழுதாக வாசித்துவிட்டு உள்ளே வந்தவரை நான் இதுவரை கண்டதில்லை. கொஞ்சம் மரியாதையானவர்கள் 'கவுன்சிலிங் மிஸ்' என்பார்கள், மற்றவர்கள் 'டைவோஸ் மிஸ்'. சந்தையில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது பின்னாலிருந்து "டைவோஸ் மிஸ், சொகமா இருக்கீங்களா?" என்று கேட்டால் கடைக்காரர் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடுத்தவரை ஆறுதலாக உட்காரவைத்துப் பேசவைக்கிற வேலைக்கு என்னை எப்படித் தெரிவு செய்தார்களோ தெரியவில்லை, மேசைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு பேருக்கு நடுவில் நின்று இரண்டு பேருக்கும் நல்லவராக இருக்கப் பார்த்து மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதை வாசித்தால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உங்கள் கட்சிதான்.

சர்வீஸ் பத்தாது

லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மனிதர் வந்திருந்தார். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி குரலைத் தணித்து, பிள்ளைகளுக்கு முன்னால் தாயைக் குறை சொல்ல வேண்டாம், அவர்களைத் தூது அனுப்ப வேண்டாம், யார் பக்கம் என்று கேட்க வேண்டாம் என்று நிறையப் பேசினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பேச்சு உள்ளே இறங்குகிறது என்று எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

முடிவில், "மிஸ் கல்யாணம் கட்டிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "பிரிஞ்சிட்டீங்களா?" என்றார். இல்லையே, நல்லபடியாகத்தான் இருக்கிறோம் என்றேன். அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, எனக்காக வருத்தப்படுகிற முகத்தோடு சொன்னார்: "அப்ப ஒங்களுக்கு சர்வீஸ் பத்தாது மிஸ்."

மருந்து யாருக்கு

இனிச் சொல்லப்போவது பெரும்பாலும் டிலக்சியைப் பற்றியது. எட்டு வயதுச் சிறுமி, மூன்றாம் ஆண்டு, கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தாய் பவானி கொழுந்து எடுக்கிறாள். தகப்பன் விஜயகுமார் அதே தோட்டத்தில் வளர்ந்த தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நீதிமன்றத்தில் அவர்களுக்கு விவாகரத்து ஆனபோது நான்தான் பேசி ஒரு ஒழுங்கு செய்து கொடுத்தேன். பிள்ளை தாயோடு இருக்கும், பின்னேரம் தகப்பனிடம் போய் வரும். இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். இப்படி லேசாக முடிகிற காரியத்தை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இந்த முறை சந்தேகப்பட மறந்துவிட்டேன்.

சில மாதம் போனதும் அந்தப் பக்கத்து மிட்வைஃப் ஃபோன் எடுத்தார். பிள்ளைக்குத் தினமும் வயிற்றுவலி, சாப்பிட்டது சத்தியாக வெளியே வருகிறது, காலையில் எழும்ப முடியாமல் பாடசாலைக்குப் போவதில்லை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். தகப்பன் கொடுக்கிற சாப்பாடுதான் காரணம், இனி அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன் என்று பவானி நிற்கிறாளாம். அனுப்பாவிட்டால் விஜயகுமார் சும்மா இருக்கப்போவதில்லை, மறுபடி நீதிமன்றம்தான். எதிர்முனையில் மிட்வைஃப் பெருமூச்சு விட்டார்: "தாய் தகப்பனக் குத்தம் சொல்லுது, தகப்பன் தாயக் குத்தம் சொல்லுறாரு. மருந்து குடுக்கலாம் மிஸ், யாருக்குக் குடுக்குறதுன்னுதான் தெரியல."

துபாய் அப்பா

பதுளையிலிருந்து கொஸ்லந்தைக்கு நேரே போகிற பஸ்ஸைப் பிடிப்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நான் அப்புத்தளையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பனிமூட்டத்தில் எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. வருகிற ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் எழுந்து நின்று, அது லொறி என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது பேக்கரிக்குப் பாண் வாங்க வந்த ஒரு பையன் என்னைக் கண்டு ஓடிவந்தான். அவனுடைய தாய் என்னிடம் வருகிறவள்தான். பிரிந்துபோன புருஷன் துபாயில் வேலை செய்கிறான் என்று மகனிடம் சொல்லிவைத்திருந்தாள். அந்த மனிதரோ பண்டாரவளையில் திரீவீல் ஓட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடு என்று நான் எத்தனையோ தரம் சொல்லியும் அவள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தாள். பையன் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் காதருகில் வந்தான். "மிஸ், எங்கப்பா துபாய்ல இருந்து வந்துட்டாரு. ஸ்டேஷன் கிட்ட திரீவீலோட நிக்கிறாரு. அம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது, பாவம், சொல்லிறாதீங்க."

நடு வாசல்

கொஸ்லந்தையில் இறங்கி, மண் சரியுமோ என்று மலையைப் பார்த்துப் பார்த்து மேலே ஏறினேன். நீதிமன்றம் பிரித்துவைத்த அந்த இரண்டு பேரையும் தோட்டத்தின் வரிசை வீடான லயம் பிரிக்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தோட்டத்தில் காம்பரா என்கிற அறை. பவானி அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள், அது விஜயகுமாரின் வீட்டிலிருந்து ஒரு வாசல் தள்ளி. ஒரே கூரை, ஒரே சாக்கடைக் கான், ஒரே பீலியில் தண்ணீர். அவர் இருமினால் இவளுக்குக் கேட்கும்.

பவானி, "எங்கிட்ட புள்ள தட்டு நெறையத் திங்குது மிஸ், வயித்துல ஒரு கொறையும் இல்ல" என்றாள். விஜயகுமாரிடம் போனால், "எங்கிட்ட வந்தா தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்காது மிஸ், அங்க பசியோட வச்சிருக்காங்க" என்றார். படித்து, பரீட்சை எழுதி, பயிற்சியும் எடுத்த எனக்கு இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சரோஜா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "மிஸ், அது மொத இந்தப் பக்கம் திங்கும், பெறகு அந்தப் பக்கம் திங்கும். நடுவுல எங்க வாசல்ல நின்னு கொஞ்சம் மூச்சு வாங்கிட்டுப் போகும்."

அரைப்பேர்

தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு நாளைக்கு இவ்வளவு கொழுந்து எடுக்க வேண்டும் என்று தோட்டத்தில் ஓர் அளவு வைத்திருப்பார்கள். எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதி நாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்களிடம் லயத்துப் பிள்ளைகள் முதலில் கேட்கிற கேள்வியே இன்றைக்கு முழுப்பேரா, அரைப்பேரா என்பதுதான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் பேர் வெட்டிவிட்டார்கள் என்பார்கள்.

டிலக்சியும் நானும் பீலிக்குப் போகிற பாதையில் நடந்துகொண்டே பேசினோம். உட்கார்ந்திருந்தால் எனக்கும் பேச்சு வராது, அவளுக்கும் வராது போலிருந்தது. கையிலிருந்த குச்சியால் தேயிலைச் செடிகளைத் தட்டிக்கொண்டே வந்தாள். பசிக்காத நேரத்தில் ஏன் சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். வழக்கு முடிந்து வந்த அன்று பீலியடியில் ஆம்பளைகள் அப்பாவிடம் என்னவாயிற்று என்று கேட்டார்களாம். "முடிஞ்சிருச்சுடா, இனி நான் அரைப்பேர் அப்பன்" என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். இவள் வாளியோடு பக்கத்தில் நின்றிருக்கிறாள். அப்பாவுக்கு அரைப்பேர் என்றால் தனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், அது சரிதானே என்று உறுதி செய்துகொள்கிறவள் போல. "கொஞ்சமா தின்னா அரைப்பேருதானே மிஸ்? அரைப்பேரு நெறைய விழுந்தா அந்த வீட்டுல பேர வெட்டிருவாங்கதானே?"

பிள்ளைக் காம்பராவில் கூட்டம்

பயிற்சியில் இதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வீடு வரைந்து, நடுவில் பிள்ளையை வரைந்து, இரண்டு பக்கமும் இதயம் வரைய வேண்டும். வரைந்தேன். டிலக்சி பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூரைத் தகரம் போடவில்லை என்றாள். அதோடு அந்த வழி முடிந்தது. பேச வேண்டியது பெரியவர்களோடு என்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு வரச்சொன்னேன். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது, அன்றைக்குப் பூட்டிக் கிடந்ததைச் சாவி வாங்கித் திறந்தேன். இருந்த நாற்காலியெல்லாம் முழங்கால் உயரம். விஜயகுமாரும் பவானியும் குந்திக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். நான் உட்காரவே இல்லை.

பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். பவானி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விஜயகுமாருக்கு முகம் செத்துப்போயிற்று. அது சும்மா சிரிப்புக்குச் சொன்னது என்று இரண்டு தரம் சொன்னார். சரி, இனி பிள்ளை அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தால் நீங்கள் சாப்பிடச் சொல்லாதீர்கள், வந்து உங்களோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவரிடம் சொன்னேன். இவ்வளவுதானே, உடனே சரி என்பார் என்று நினைத்தேன். மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கிட்ட குடுக்குறதுக்கு அந்தச் சோறு மட்டுந்தான் மிஸ் இருக்கு. அதுவும் வேணாமுன்னா அவ எதுக்கு எங்கிட்ட வரப்போறா?"

சோற்றின் லட்சணம்

நான் படித்ததெல்லாம் பிள்ளையின் பயத்தைப் பற்றி. நாற்பதை நெருங்குகிற ஒரு கவ்வாத்துக்காரருக்கும் அதே பயம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. யன்னலைத் திறந்தேன், மூடினேன். வெளியே மழை வருகிற மாதிரி இருந்தது, கடைசி பஸ் போய்விடுமே என்று ஒரு பக்கம் கவலை. பவானி அந்த மனிதரை மேலும் நாலு கேள்வி கேட்டு நோகடிக்கப்போகிறாள், அதோடு எல்லாம் கெட்டது என்று இன்னொரு பக்கம் கவலை. பேச்சை மாற்றலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் பவானி சுவரை விட்டு அவர் பக்கம் திரும்பிவிட்டாள். வழக்கு முடிந்த நாளிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பேசியதில்லை, சொல்ல வேண்டியதையெல்லாம் சரோஜா அக்கா மூலமோ என் மூலமோதான் சொல்வார்கள். அவள் குரலில் கோபம்தான் இருந்தது, ஆனால் பழகிய கோபம். "சோத்துக்குன்னா எங்கண்ணன் வீட்டுலயே இருந்திருப்பாளே. ஒங்க சோறு எப்பிடி இருக்குமுன்னு எனக்குத் தெரியாதா? ஒங்களப் பாக்கத்தான் அதயும் தின்னுக்கிட்டு வர்றா."

மத்தியானச் சாப்பாடு

அனுப்புவதை நிறுத்த மாட்டேன் என்று பவானி சொன்னாள். சாப்பிடச் சொல்லாமல் இருந்து பார்க்கிறேன் என்று விஜயகுமார் சொன்னார். இந்த 'இருந்து பார்க்கிறேன்' என்பதை நம்பி நீங்கள் எப்போதாவது நிம்மதியாக இருந்திருக்கிறீர்களா? நான் பதுளைக்கு வந்து சேர்ந்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் விழுந்து போக்குவரத்து நின்றது. ஃபோன் எடுத்தால் தோட்டத்தில் சிக்னல் இல்லை. அந்த மனிதர் பழக்கதோஷத்தில் தட்டை வைத்துவிட்டால் என்ன செய்வது, பிள்ளை வேண்டாம் என்று சொல்லி அவர் முகம் வாடிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து யோசித்து, ஓர் அறிக்கையை மூன்று தரம் தொடக்கத்திலிருந்து எழுதினேன்.

எங்கள் காரியாலயத்தில் நடராஜா என்று ஒருவர் இருக்கிறார். எனக்கு எதிர்மேசை. ஓய்வு பெறப்போகிறவர், எதற்கும் அவசரப்படாதவர், என்னோடு வேலை செய்வது அவர் வாங்கிவந்த வரம். நான் மிட்வைஃபுக்கு மறுபடி ஃபோன் எடுத்து, லைன் கிடைக்காமல், எழுந்து யன்னலருகே போய் மழையைப் பார்த்துவிட்டு வந்ததைக் கண்ணாடிக்கு மேலால் கவனித்துக்கொண்டே இருந்தார். "பிள்ளை சாப்பிட்டுச்சா இல்லையான்னு நாளைக்குப் பாத்துக்கலாம் மிஸ். நீங்க இன்னைக்கு சாப்பாட்டுப் பார்சலையே பிரிக்கல."

இரண்டாவது ரொட்டி

பாதை திறந்த அன்றே போனேன். பிள்ளை பாடசாலைக்குப் போகிறது, சத்தி இல்லை என்று பவானி வாசலிலேயே சொல்லிவிட்டாள். அதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டால், கண்ணால் பார்க்காமல் எனக்கு நம்பிக்கை வராது. பின்னேரம் அங்கேயே இருந்தேன். பவானியின் அண்ணி எனக்குச் சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தாள். தட்டைக் காலியாக்கினால்தான் அவளுக்குத் திருப்தி என்பதால் காலியாக்கினேன். டிலக்சியும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவி, வாங்க மிஸ் என்று தகப்பன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடு வாசலில் நிற்கவில்லை.

விஜயகுமார் அடுப்படியில் இருந்தார். மகளைக் கண்டதும் கை தானாகத் தட்டை எடுத்துவிட்டது. டிலக்சி தட்டைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். "வேணாம்ப்பா, அங்க தின்னுட்டேன்" என்றாள். அவர் தட்டைப் பிடித்தபடி நின்றார். நான் குறுக்கே ஏதும் பேசிவிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவர் அந்தத் தட்டில் தனக்கே ரொட்டியைப் போட்டுக்கொண்டு, "சரி, இங்கிட்டு வந்து உக்காரு" என்று பக்கத்துப் பலகையைத் துடைத்துவிட்டார். அவள் உட்கார்ந்தாள். பாடசாலையில் யாரோ யாரையோ தள்ளிவிட்ட கதையைச் சொல்லத் தொடங்கினாள். அது ஒரு முடிவில்லாத கதை. அவர் ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் "பெறகு?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அந்த நேரத்தில் எனக்குக் கண் கலங்கியதை மறைக்கப்போவதில்லை.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நான் நிற்பது தெரிந்தது. பதறிப்போய் எனக்கு ஒரு தட்டு வைத்தார், தடித்த ரொட்டி, ஓரமெல்லாம் கருகியது, பவானி சொன்னது பொய்யில்லை. பிளேன்டீயும் வந்தது. இன்றைக்குப் பார்த்து ஒரு நல்ல காரியம் செய்த மனிதரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பாதி ரொட்டியில் எனக்கு மூச்சு முட்டியது. அவர் தேநீருக்குச் சீனி எடுக்கத் திரும்பிய நேரம் டிலக்சி கதையை நிறுத்திவிட்டு என் பக்கம் சாய்ந்தாள். "வேணாமுன்னு சொல்லிருங்க மிஸ். அப்பா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு."

வேண்டாம் என்று சொன்னால் பாசம் குறைந்துபோகாது என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லித் திரிகிற நான், அந்த ரொட்டியைத் தின்று முடித்து, இன்னொன்று போடட்டுமா என்று அவர் கேட்டதற்கும் தலையாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.